குமாரசாமி வேனில் ஏறிய களிம்பு

சேந்தமங்கலம்,
11-9-83

சிரஞ்சீவி ராசுவுக்கு உன் அம்மா ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. நீ அங்கே சுகமாக இருக்க மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். இங்கே உடம்புக்கு யாருக்கும் குறைவில்லை, மனதுக்குத்தான் சுகமில்லை. உன் தங்கை வசந்தாமணிக்கு இது ஏழாம் மாதம், வாய்க்கு ருசியாக எதைக் கேட்டாலும் செய்து அனுப்புகிறேன். குவைத் வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் வண்டி வேலை பார்க்காதே, சொன்னால் கேள்.

நடந்ததை நீ அறிவாய், ஆனாலும் எழுதினால்தான் என் வயிறு ஆறும். பண்ணைக்காரக் குமாரசாமி பம்பாய் ஏலத்தில் எடுத்துவந்த அந்த வெளிநாட்டு வேன் பெட்ரோலைக் குடித்ததற்கு, ஓட்டிய உன் அப்பா உறிஞ்சி விற்றார் என்று பழி. ஊரே பார்க்கக் கோவில் வாசலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார் மனுசன். அதற்கப்புறமும் அந்தக் குமாரசாமி, சூடம் அணைச்சவனெல்லாம் யோக்கியனாயிருவானா, சாவியக் குடுத்துட்டுப் போப்பா என்று சொன்னான். அந்தச் சொல்லை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

உன் கடிதம் வந்த பிறகுதான் விளங்கியது. அந்த வேனில் கார்புரேட்டரே கிடையாது, உள்ளே போகும் காற்றை ஒரு தகடு அளந்து சொல்லும், எஞ்சினின் சூட்டை ஒரு சின்ன சென்சார் சொல்லும், இரண்டையும் கேட்டு ஓர் எலக்ட்ரானிக் பெட்டி எவ்வளவு பெட்ரோல் பீய்ச்சலாம் என்று கணக்குப் போடும் என்று எழுதியிருந்தாய். சென்சார் வயரின் கிளிப்பில் களிம்பு ஏறினால், சூடான எஞ்சினையும் குளிர்ந்தது என்றே அந்தப் பெட்டி நம்பி, நாள் முழுக்கச் சோக் இழுத்த மாதிரி பெட்ரோலைக் கொட்டுமாமே. கரும்புகையும் அதனால்தானாமே. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான் சாமி. கடிதத்தைக் குமாரசாமி வீட்டு வாசலில் நின்று ஊர் கேட்கப் படிக்கிறேன் என்றேன். உன் அப்பா கேட்டாரா? புது டிரைவர் வேலுமணி பிள்ளைகுட்டிக்காரன், அவனுக்கும் இந்தப் பட்டம் வந்துவிடக் கூடாது என்று வேனோடு அவனை நம் வாசலுக்கு வரச்சொல்லி, எஞ்சின் இருக்கும் பின்மூடியைத் தூக்கி, கிளிப்பைக் கழற்றிச் சுரண்டித் துடைத்து மாட்டிக் கொடுத்துவிட்டார். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

புகை நின்றது, பெட்ரோல் பாதியாகக் குறைந்தது. உடனே குமாரசாமி என்ன சொன்னான் தெரியுமா? திருடன் போனான், பெட்ரோல் நின்னுது பாருங்க என்று சந்தையில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தான். நல்லது செய்து உன் அப்பா தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். சின்னண்ணன் வீட்டுக் கல்யாணப் பந்தியில் அவர் பக்கத்து இலையில் யாரும் உட்காரவில்லை. பாதிச் சோற்றில் எழுந்து வந்தவர் இன்னும் வாசற்படி தாண்டவில்லை. வேலுமணியிடம் போய் உண்மையைச் சொல்லப்பா என்று கெஞ்சினேன். என்ற பொழப்பு போயிருமுங்க அக்கா, என்னைய உட்டுருங்க என்று கதவைச் சாத்திக்கொண்டான். நன்றி கெட்டவன்.

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும். ஈயம் போன பித்தளையில் மோர் வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? சந்தையில் வேனை நிறுத்திவிட்டு வேலுமணி டீ குடிக்கப் போன நேரம் பார்த்து மூடியைத் தூக்கினேன். அந்தக் கிளிப்புக்குள்ளே இருக்கும் பித்தளைத் தகட்டில், உப்புப் போட்ட புளித்த மோரைத் துணியால் தொட்டு நன்றாக வைத்துவிட்டு, மறுபடி மாட்டிவிட்டு வந்தேன். அடுத்தடுத்த வாரமும் வைத்தேன். இப்போது கரும்புகை பழையபடி வருகிறது, பெட்ரோல் பழையபடி போகிறது. நேற்று வேலுமணியைப் பிடித்துக்கொண்டான் குமாரசாமி, வெள்ளிக்கிழமை அதே கோவில் வாசலில் அவனும் சூடம் அணைக்க வேண்டுமாம். அணைக்கட்டும். தன் கை சுடும்போது உன் அப்பா துடைத்துக் கொடுத்ததைச் சொல்லித்தானே ஆகவேண்டும்? அவன் வாய் திறக்காவிட்டால் உன் கடிதத்தோடு நான் முன்னால் வருவேன். குமாரசாமி உன் அப்பாவைப் பேர் சொல்லி, நான் சொன்னது பொய் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்கிறவரை அந்த வாசலைவிட்டு நகரமாட்டேன். பாவம் வேலுமணி என்று நீ எழுதுவாய். எனக்கு அவன் மேல் பாவமே வரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. சம்பாதிக்கும் இடத்தில் யாரோடும் வம்பு வைத்துக்கொள்ளாதே. நீ நூறு வயது நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும். பதில் எழுதும்போது மோர் என்று ஓர் எழுத்துகூட வேண்டாம். உன் கடிதத்தை முதலில் பிரிக்கிறவர் உன் அப்பா. தெரிந்தால் அந்த மனுசன் மறுநாளே போய்த் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா
சென்னியம்மாள்