வலியே இல்லாத பல்லில் நடந்த சோதனை

பாப்பாவுக்கு அப்பா எழுதுறது. நேத்து காலைல சரியா பதினொண்ணு நாப்பத்திரெண்டுக்கு உன் செய்தி வந்துச்சு, அப்பா பல்லுவலி உயிர் போகுதுன்னு. இங்க நானும் அடுப்பும் சுகம். அங்க உன் இடது கடைவாய்ப் பல்லைத் தவிர மத்த முப்பத்தோரு பல்லும் சுகமா இருக்கும்னு நம்புறேன். வலி பத்துக்கு எவ்வளவுன்னு கேட்டேன், பதினொண்ணுன்னு அனுப்புன. ஃபாக்டரியில பத்துக்கு மேல காட்டுற அழுத்தமானியைக் கழட்டி மேஜைல போட்டுச் சரிபாக்குறதுதான் என் பொழப்பு, அதான் பதறிட்டேன். அரை மணிக்கு ஒருதரம் அளவு அனுப்புன்னேன், நீயும் பாவம் அனுப்புன, ஆறு, எட்டு, அஞ்சு, போப்பா, எட்டுன்னு. அந்த போப்பாவை கிராஃப்ல எங்க குறிக்கிறதுன்னு தெரியாம இடம் விட்டு வச்சிருக்கேன்.

அதுக்குள்ள ஃபாக்டரி பூரா பரவிருச்சு. பாய்லர்காரர் காதுல வெங்காயச் சாறு விடச் சொல்றார், பல்லு வாய்லதான இருக்குன்னு நான் கேட்டா, ரெண்டும் பக்கத்து பக்கத்து வீடுதானே சார்ங்கறார். ஸ்டோர்ஸ் அக்கா மாத்திரையைப் பொடிச்சு ஈறுல அப்பச் சொல்றாங்க. உன் பெரியம்மா போன்ல கொதிக்கக் கொதிக்க ஒத்தடம்னு நிக்கிறாங்க. சோதிக்காம எதையும் லைன்ல மாட்டாதேன்னு ஊருக்கே சொல்றவன் நான், உனக்கு மட்டும் சோதிக்காம சொல்லலாமான்னு இன்னைக்கு லீவு போட்டு என் பல்லுலயே ஆரம்பிச்சேன். எனக்கு வலியே இல்லைங்கறது அப்போ ஒரு குறையாவே தோணல. கிராம்புத் தைலத்தைப் பஞ்சுல சொட்டச் சொட்ட நனைச்சு இருபது நிமிஷம் கடிச்சிட்டு உக்காந்திருந்தேன். அம்மா போன இந்த நாலு மாசமா எனக்கு எதுவும் உறைக்கிறதில்ல பாப்பா, எரிச்சல் பூஜ்யம்னு நோட்டுல எழுதினேன். கண்ணாடியில பாத்தா ஈறு வெள்ளையா வெந்து கிடக்கு.

பல் டாக்டரம்மாகிட்ட ஓடினேன். நாற்காலியில சாய்ச்சு எந்தப் பல்லுன்னாங்க. என் பொண்ணோடதுன்னேன். பொண்ணு எங்கன்னாங்க. பஸ்ஸுல ஒம்பது மணி நேரம்னேன். வலி அங்க, வைத்தியம் இங்கயா, குடும்பத்தோட இப்படித்தானான்னு சிரிச்சாங்க. நீ அனுப்பின போட்டோவைக் காட்டினதும் சிரிப்பு நின்னுருச்சு. கன்னம் வீங்கியாச்சு, வீட்டு வைத்தியமெல்லாம் டாக்டர்கிட்ட போய்ச் சேர்ற வரைக்கும்தான், போகாம இருக்கிறதுக்கு இல்லன்னு கண்டிச்சாங்க.

அவங்க சொன்னதை அப்பவே உனக்கு மெசேஜும் பண்ணேன், மெசேஜ் நாலு வரிக்கு மேல போனா நீ படிக்க மாட்டேன்னு இதுலயும் எழுதுறேன். வெதுவெதுன்னு இருக்கிற தண்ணி ஒரு டம்ளர்ல அரை ஸ்பூன் உப்பு போட்டுக் கொப்புளிச்சுத் துப்பு. பல்லிடுக்குல எதாவது மாட்டியிருந்தா நூலால மெதுவா எடு, ஊக்கு, குச்சி கூடாது. ஐஸைத் துணியில சுத்திக் கன்னத்துக்கு வெளிய பதினஞ்சு நிமிஷம் வை, சூடு ஆகாது. பாராசிட்டமால் உனக்கு ஒத்துக்கும், அட்டையில போட்டிருக்கிற அளவையும் இடைவெளியையும் தாண்டாதே, மாத்திரையை முழுங்கு, ஈறுல வச்சா புண்ணாயிடும். கிராம்புத் தைலத்துக்கு என் வாயே சாட்சி. ரூம்மேட் தர்ற மிச்சம் மீதி ஆன்டிபயாடிக் வேண்டவே வேண்டாம். படுக்கும்போது ரெண்டு தலகாணி. காய்ச்சலடிச்சாலோ, வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவினாலோ, வாய் திறக்க, முழுங்க, மூச்சுவிடக் கஷ்டமா இருந்தாலோ நாள் நேரம் பாக்காம பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போயிடணும்.

இனி சொல்லப் போறதைப் போன்ல சொல்ல வாய் வரல. ஆஸ்பத்திரி வாசலே வேண்டாம்ப்பா, அம்மாவையும் சின்ன வலின்னுதான் கூட்டிட்டுப் போனோம், திரும்பி வரலன்னு நேத்து சாயங்காலம் சொன்ன. சரி விடு, வீட்லயே பாத்துக்கலாம்னுட்டேன். நான் சொன்னது தப்பு. கூட்டிட்டுப் போனதால அம்மா போகல பாப்பா. அதுக்கு முன்னாடி பதினோரு நாள் வயித்து வலியை நாங்க ரெண்டு பேரும் வீட்லயே சமாளிச்சோம், வெந்நீர்ப் பை, கஷாயம், மாத்திரைன்னு. உங்கம்மா எனக்கு ஒண்ணுமில்லன்னா, நானும் நம்பினேன். அதுக்கும் கிராஃப் போட்டேன், ரொம்ப நல்லா வந்திருந்துச்சு. உன் பல்லுக்கு ரெண்டாவது நாள் கோடு இழுக்கும்போது கை நின்னுருச்சு.

டாக்டரம்மாவோட கூடப் படிச்சவர் உன் ஹாஸ்டல்லேர்ந்து ரெண்டு தெரு தள்ளி இருக்கார், இது உன் கைக்கு வர்ற அன்னைக்கே காலைல பத்து மணிக்குச் சொல்லி வச்சாச்சு. இந்தக் கடுதாசியைக் கொண்டு வர்றது எதிர்வீட்டு பார்சல் வேன் அண்ணன். நீ வரமாட்டேன்னு அடம் பிடிச்சா ஃப்ரிட்ஜு மாதிரி நிமிர்த்தி வச்சே தூக்கிட்டுப் போயிடுவேன், கீறல் விழாதுங்கறார், பயப்படாதே. கூடவே உக்காந்திருப்பார். அவசரம்னா அவர் என் ஃபாக்டரி போனுக்குக் கூப்பிடுவார்.

நீ நூறு வயசு வரைக்கும் கடிச்சுத் தின்னு நல்லா இருக்கணும். சிகிச்சை பாதியில இருந்தா அடுத்த நாளும் போகணும், மறக்காதே. வாசல்ல நின்னு ஒருதரம் என்னைக் கூப்பிடலாம்னு உனக்குத் தோணும், நேர்ல வந்தாலும் போன்லன்னாலும் நீ அழுதா நான் சரி விடும்பேன், அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால நீ இதைப் படிக்கிற நேரம் நான் என் போனை அணைச்சாச்சு.

உன் அப்பா