திருமதி எஸ்., வயது முப்பத்தொன்பது

18-1-2011, செவ்வாய்

சைக்காலஜி பிராக்டிகல் பிப்ரவரி பதினாலாம் தேதியாம். என் ரெக்கார்டில் இருப்பது மொத்தம் மூன்று பக்கம். புத்திக்கூர்மை டெஸ்ட்டுக்குத் தம்பி அமலனை உட்கார வைத்தேன். வந்த மார்க்கைப் பார்த்துப் பாவம் என்று நானே நாலு கூட்டிப் போட்டேன். மிச்சம் கேஸ் புரொஃபைல். ஒரு நிஜ ஆளிடம் நாலு தடவை பேசி, அவர் மனசு எப்படி இருக்கிறது என்று பத்துப் பக்கம் எழுத வேண்டும். பெயரை மாற்றிவிட வேண்டும். யாரென்று யாரிடமும் மூச்சு விடக் கூடாது. இதுதான் மிஸ் போட்ட சட்டம்.

எங்கள் ஸ்கூலில் யார் நிஜ ஆளைப் போய்ப் பார்த்தார்கள்? சீனியர் ரெக்கார்டை வாங்கி, பெயரையும் வயதையும் மாற்றி அப்படியே இறக்குவதுதான் வழக்கம். மிஸ்ஸுக்கும் தெரியும். சிவப்பு மையில் ஒரு டிக், ஒரு கையெழுத்து. முடிஞ்சுது ஜோலி.

20-1-2011

சிந்துஜா அக்கா ரெக்கார்டு கிடைத்துவிட்டது! எங்கள் தெருவிலேயே கடைசி வீடு. அக்கா இப்போது சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்ஸி. படிக்கிறாள். அவள் அம்மாதான் பீரோ மேலிருந்து எடுத்துக் கொடுத்தார். கேஸ் புரொஃபைலுக்குப் பத்துக்குப் பத்து. உனக்கு மச்சம்டி பெலிசியா.

23-1-2011, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்து உட்கார்ந்தேன். அஞ்சு பக்கம் இறக்கிவிட்டேன். "திருமதி எஸ்., வயது 39, இல்லத்தரசி." நான் எஸ்.ஸை எம். ஆக்கி வயதை 42 ஆக்கினேன்.

அம்மா காப்பி கொண்டு வந்து வைத்துவிட்டுக் கேட்டுச்சு, "ரொம்ப நேரமா என்னடி எழுதுற?"

"யாரோ ஒரு பொம்பளயப் பத்திம்மா. ஒரே அழுமூஞ்சி கேஸ்."

"பாவம்" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டது.

24-1-2011

வரிசையாகச் சொல்லணும். இல்லன்னா எனக்கே நம்பிக்கை வராது.

ஆறாம் பக்கத்திலிருந்து காப்பி அடித்தேன். கணவர் சிப்காட்டில் கெமிக்கல் கம்பெனி ஆபரேட்டர். எங்க ஏரியாவில் பாதி வீட்டு அப்பாக்கள் அதுதானே, எழுதினேன். குடிப்பதில்லை, அடிப்பதில்லை. "எனக்கு ஒரு கொறையும் இல்லம்மா, அதான் வெக்கமா இருக்கு." எழுதினேன். மூத்த மகள் படிப்பில் கெட்டி, எதற்கெடுத்தாலும் "உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்று சொல்வாள். எந்தத் திமிர் புடிச்ச கழுதையோன்னு நெனச்சுக்கிட்டே எழுதினேன். மகளுக்கு அஞ்சு வயதில் வெந்நீர் கொட்டி இடது முழங்கையில் தழும்பு. அது தன்னால்தான் என்று இன்னும் நினைத்து நினைத்து அழுகிறார்.

நோட்டை அழுத்திப் பிடிச்சிட்டிருந்தது என் இடது கை. தழும்பு அங்கயே இருந்துச்சு, என் கண்ணுக்கு நேரா.

எஸ். — சகாயசெல்வி. எங்க அம்மா.

அடுத்த பக்கம்: "பெரியவளுக்குப் பன்னெண்டாவது முடியட்டும்னு இருக்கேன். அதுக்கு மேல நான் இருந்தா என்ன, போனா என்ன." அதற்குக் கீழே சிந்துஜா அக்காவின் முத்து முத்தான கையெழுத்தில், ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டு: "தற்கொலை எண்ணம் — உண்டு." பக்கத்தில் மிஸ்ஸோட சிவப்பு டிக்.

டிக்!

ஐயோ மாதாவே, அந்தப் பன்னெண்டாவதைத்தானே நான் இப்ப படிச்சிட்டிருக்கேன்.

25-1-2011

அம்மா பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். இன்றைக்கு ஒன்பது தடவை.

26-1-2011, புதன்

ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம், பு.முட்லூர் எல்லாம் எப்போது தாண்டியது என்றே தெரியவில்லை. ஹாஸ்டல் வாசலில் சிந்துஜா அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள். ரெக்கார்டைப் பார்த்ததும் முகம் செத்துப்போச்சு.

"ஒங்கம்மாகிட்ட பிளவுஸ் தைக்கக் குடுக்க வந்தேன்டி. சும்மாதான் கேட்டேன். அவுங்க பேச ஆரம்பிச்சிட்டாங்க. நெசமான ஆளுகிட்ட கேட்டு எழுதுனது எங்க செட்டுலயே நான் ஒருத்திதான்."

"இத படிச்சிட்டு எப்பிடிக்கா சும்மா இருந்த? எங்கப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாது?"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு மிஸ் சத்தியமே வாங்கினாங்கடி. ஒங்கம்மாவும் சொல்லாதன்னு கையப் புடிச்சாங்க. அப்பறம் ரெண்டு தடவ வந்து பாத்தேன். நல்லாருக்கேன்னு டீ போட்டுக் குடுத்தாங்க."

"பத்துக்குப் பத்து வாங்குனல்ல, சந்தோசமா இரு" என்று கத்திவிட்டேன். வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். என்னைவிட ஒரு வயசுதான் ஜாஸ்தி. அவளுக்கு மட்டும் என்ன தெரியும்? நானும் அழுதேன்.

27-1-2011

மிஸ்ஸிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். "எல்லாரும் கதை கட்டித்தானே எழுதுவீங்க பெலிசியா. இதுவும் கதைன்னுதான்..." பெரியாஸ்பத்திரியில் வியாழக்கிழமை வரும் மனநல டாக்டர் பெயரை எழுதிக் கொடுத்தார். "உயிருக்கு ஆபத்துன்னா ரகசியம் கிடையாதும்மா. அத கிளாஸ்ல சொல்லாம விட்டுட்டேன்." டீச்சர் ஒருத்தர் என் முன்னால் கண்ணைத் துடைத்தது இதுதான் முதல் தடவை.

30-1-2011, ஞாயிறு

அம்மா கொல்லையில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தது. எப்படிக் கேள்வி கேட்க வேண்டும் என்று புத்தகத்தில் நாலு விதி இருக்கிறது. ஒன்றும் வாயில் வரவில்லை.

"அம்மா, சிந்துஜா ரெக்கார்ட படிச்சிட்டேன்."

கத்தியைக் கீழே வைத்தது. திட்டும், மழுப்பும் என்று நினைத்தேன். அது கேட்டது இதுதான்: "நல்லா எழுதியிருக்குதா அந்தப் பொண்ணு?"

"அம்மா!"

"நாலு நாளு ஒக்காந்து கேட்டுச்சுடி. நடுவுல ஒரு தடவகூட எழுந்திருக்கல. நம்ம வூட்ல யாரு கேக்கறீங்க?"

பதினேழு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன்.

3-2-2011, வியாழன்

"பைத்தியக்கார டாக்டர்கிட்டயா? கம்பெனி பூராவும் பேசுவானுங்க" என்று அப்பா குதித்தார். ஆனால் ஷிப்ட் மாற்றிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போய் சீட்டு வாங்கி நின்றார். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மாதத்துக்கு இரண்டு தடவை வர வேண்டும்.

14-2-2011

காப்பி அடித்த பக்கங்களைக் கிழித்துவிட்டேன். கேஸ் புரொஃபைல் இடத்தில் ஒன்றும் இல்லை. ஜீரோ போடுங்க மிஸ் என்றேன்.

5-3-2011

அம்மா மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது. "தூக்கம் தூக்கமா வருதுடி, ஒனக்குப் பரீட்சை நேரத்துல யாரு சமைக்கறது?" டாக்டரிடமும் வர மாட்டேன் என்கிறது. பரீட்சை முடியட்டுமாம். இன்றைக்கு எனக்குப் புதுப் பேனா வாங்கி வந்து, "நல்லபடியா முடிச்சிடு" என்றது.

எல்லா அம்மாவும் சொல்றதுதானே. எனக்கு மட்டும் அந்த 'முடிச்சிடு' காதுலயே நிக்குது.

29-3-2011, செவ்வாய்

கடைசிப் பரீட்சை, சைக்காலஜி. எல்லாம் தெரிந்த கேள்வி. ஒரு மார்க் கேள்விகளை மட்டும் எழுதிவிட்டு, மிச்ச நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பன்னெண்டாவது முடியலன்னா அம்மா இருக்கும். அவ்ளோதான். லூசுத்தனம்னு எனக்கே தெரியுது. ஆனா கை எழுதல.

வெளியே வந்ததும் அம்மா கேட்டுச்சு, "எல்லாம் முடிஞ்சுதா?"

"இன்னும் இல்லம்மா, ரிசல்ட் இருக்குல்ல" என்றேன்.

23-5-2011

சைக்காலஜியில் எழுபதுக்கு ஏழு. ஃபெயில். ஜூலையில் கம்பார்ட்மென்ட் என்கிற மறுபரீட்சை எழுத வேண்டும்.

அப்பா மார்க்கைத் திரும்பத் திரும்பப் படித்தார். அம்மாதான் சாமி வந்த மாதிரி ஆடியது. "ஏழா? ஏன்டி, ஏழா? ஒலகத்துக்கே மனச பத்தி பாடம் எடுப்ப, பரீட்சையில என்னாத்தடி புடுங்குன?" விளக்கமாறு பறந்து வந்து சுவரில் பட்டது. ஜென்மத்தில் நான் அம்மாவை இப்படிப் பார்த்ததில்லை.

"நான்தான் எழுதல" என்றேன்.

"எதுக்குடி எழுதல?"

"பன்னெண்டாவது முடிஞ்சா நீ போயிடுவல்ல, அதான்!"

தெருவுக்கே கேட்டிருக்கும். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. அமலன்தான் தண்ணீர் கொண்டு வந்தான். ரொம்ப நேரம் கழித்து அம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொண்டது. "பாவி, ஒரு வருசத்த வீணாக்கிட்டியேடி" என்று சொல்லிச் சொல்லி அழுதது. நானும் விட்டேன், அழட்டும் என்று.

26-5-2011, வியாழன்

நான் எழுந்திருப்பதற்குள் அம்மா சீட்டை எடுத்துக்கொண்டு தனியாகவே பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டது. வந்ததும், "தூக்கம் வராத மாத்திரையா மாத்திக் குடுன்னு கேட்டு வாங்கியாந்தேன்" என்றது.

18-7-2011

எழுதினேன். எல்லாக் கேள்வியும்.

8-8-2011, திங்கள்

பாஸ். அறுபத்திரண்டு. நெட் சென்டரிலிருந்து ஓடி வந்து சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. இப்போது நிஜமாகவே முடிந்துவிட்டதே.

அம்மா தையல் மெஷினை நிறுத்தவில்லை. மிதித்துக்கொண்டே பேசியது. "இந்த வருசம் அட்மிஷன் முடிஞ்சிடுச்சு, அது போவட்டும். அடுத்த வருசம் சிதம்பரத்துல சேரு. ஹாஸ்டல் கீஸ்டல்லாம் வேணாம், சாம்பார்னு தண்ணிய ஊத்துவான். தெனம் பஸ்ல போயிட்டு வா, ஏழு மணிக்கு நான் சோறு கட்டிடறேன். ரெண்டாயிரத்திப் பன்னெண்டுல சேந்தா பதினஞ்சுல முடிப்ப. அதுக்குள்ள அமலனும் காலேஜ் வந்துடுவான். அப்பறம் நீ மேல படிக்கறதுன்னா அது ரெண்டு வருசம், பதினேழு..."

நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, முடிகிற வரைக்கும் கேட்டேன்.