சித்தியைப் பற்றி நீ எழுதிய அந்த ஒரு வரி

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் நலம். நீயும் அங்கே காய்ச்சல் இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதே, அதைக் கெடுத்தவனே நீதான்.

சித்தப்பாவை அடக்கம் செய்த அன்று, கொரோனா சாவு என்பதால் கூட்டம் சேரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பா ஒருவர்தான் போனார், கூடப்பிறந்த தம்பியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் தள்ளி நின்று அனுப்பிவிட்டு வந்தார். சித்திக்கும் தொற்று, அவள் ஓர் அறையில் தனியாக அடைந்து கிடந்தாள், கட்டிப்பிடித்து அழ ஓர் ஆள் இல்லை, கையில் போன் ஒன்றுதான். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாலு ஆறுதல் வார்த்தை இருக்கும் என்று திறந்தவளுக்கு என்ன கிடைத்தது? வீட்டிலேயே வைத்துப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பான் என்று உன் அத்தை ஆரம்பித்தாள். பெரியப்பா மகன் வாய்க்கு வந்தபடி ஏசினான். அதற்குக் கீழே நீ, பொறுமைசாலி என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த என் பிள்ளை, "சித்தப்பாவைக் கொன்னதே இந்தப் பொம்பளதான்" என்று எழுதினாய். அதற்கு ஆறேழு பேர் கட்டைவிரல் வேறு!

நீ கண்டாயா? எந்த ஆஸ்பத்திரியிலும் கட்டில் காலி இல்லை. ஆம்புலன்ஸில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் வாசலாகக் கெஞ்சியவள் அவள். அப்படிக் கூடவே இருந்ததில்தான் அவளுக்கும் ஒட்டிக்கொண்டது.

நேற்று அவள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பேசினேன். உங்களையெல்லாம் திட்டித் தீர்ப்பாள் என்று நினைத்துத்தான் போனேன். அவளோ கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அவங்க சொல்றது நெசமா இருக்குமோ? நான் வீட்லயே வச்சிருந்தா இருந்திருப்பாரோ?" என்று என்னைக் கேட்கிறாள். நீ போகிற போக்கில் தட்டிவிட்டதை அவள் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாரையும் கிழித்துக் குரல் பதிவு போட்டேன். அத்தை என்னைக் குழுவிலிருந்தே தூக்கிவிட்டாள், பீடை ஒழிந்தது. இவ்வளவையும் போனில் தட்ட எனக்கு வராது, அதனால்தான் இதைக் காகிதத்தில் எழுதி, படம் பிடித்து உனக்கு மட்டும் அனுப்புகிறேன். நீ அந்த வரியை அழித்துவிட்டதாக உன் தங்கை சொன்னாள். அழித்து என்ன பிரயோஜனம், அவள்தான் படித்துவிட்டாளே. சாரி என்று தட்டி, கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டு நழுவப் பார்க்காதே. போன் போட்டு வாயால் பேசு. அவள் அழுதால் வைத்துவிடாதே, அழுது முடிக்கிறவரை லைனிலேயே இரு.

வேளைக்குச் சாப்பிடு, வெளியே போனால் மாஸ்க்கைக் கழற்றாதே. எவ்வளவு கோபம் இருந்தாலும் நீ நூறு வயசு நன்றாக இருக்கவேண்டும் என்றுதான் இந்த வாய் சொல்லும். ஆனால் சித்தியிடம் பேசாமல் எனக்குப் போன் செய்யாதே, எடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா