மேசையில் வைத்த செருப்பு

என் ஆசை அக்கா புவனத்துக்கு,

முதலில் ஊர்ப் புதினம். நம் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் படுத்த படுக்கையாகிவிட்டார். பாரிசவாதம், வலது கை தூக்க முடியவில்லை. ஊரே வரிசையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, எவ்வளவு தங்கமான மனிதர், யார் கண் பட்டதோ என்று உருகுகிறது. நான் போகவில்லை. அதற்காக என்னைச் சூரன் என்று நினைத்துவிடாதே. அந்த மனிதருக்கு முன்னால் கைகட்டி நின்றவன்தான் உன் தம்பி.

நீ போய் இரண்டு வருடமாகிறது. செருப்புக் கதையை இன்னும் எவனும் நேராகச் சொல்வதில்லை. சொல்லும்போது தொடக்கத்தை விட்டுவிடுகிறார்கள், அல்லது உன்னிடமிருந்து தொடங்குகிறார்கள். ஆகையால் நானே எழுதிவைக்கிறேன். ரஞ்சினியின் பெயரையும் எழுதுகிறேன். எழுதச் சொன்னவள் அவள்தான். ஏன் என்று கடைசியில் தெரியும்.

அரசாங்க வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பிக்கத் தலைவரின் கடிதம் வேண்டும். ஆண்கள் கேட்டால் சங்கக் கட்டடத்திலேயே கையெழுத்து விழும். புருஷன் இல்லாத பெண்கள் கேட்டால் செவ்வாய்க்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வரச் சொல்வார். செவ்வாய்க்கிழமை அவர் மனைவி பெரியாஸ்பத்திரிக்குக் கிளினிக் போகும் நாள். இது தெரியாதவர் யார் அக்கா? பெண்கள் ஒருவருக்கொருவர் காதோடு சொல்லிவைத்தார்கள். ஆண்கள் நாங்கள் பால்குடிப் பிள்ளைகள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டோம்.

இதே மனிதர்தான் கோயில் ஒலிபெருக்கியில் பாசிக்குடாக் கடற்கரை ஹோட்டல்களுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளின் ஒழுக்கத்தைப் பற்றி முழங்குவார். இருப்பதோ மனைவி சீதனமாகக் கொண்டுவந்த வீடு. பெண் கொடுத்த கூரைக்குக் கீழே படுத்துக்கொண்டு பெண்களுக்குப் புத்தி சொல்ல நம் ஊர் ஆண்களுக்கு ஒருநாளும் வெட்கம் வந்ததில்லை. நானும் அப்படி ஒரு கூரைக்குக் கீழே இருந்துதான் இதை எழுதுகிறேன்.

ரஞ்சினி புருஷனை வாவியில் பறிகொடுத்தவள். ஹோட்டலில் துணி துவைக்கும் வேலை, கையில் ஒரு மகள். நம் தாய்வழிக் குடிதான். ஒரு குடிக்குள் பிறந்தவர்கள் எல்லோரும் கூடப்பிறந்தவர்கள் என்பது நம் வழக்கம். தலைவரும் நம் குடி. அவளுக்கு அண்ணன் முறை. அந்த அண்ணன்தான் ஒரு செவ்வாய்க்கிழமை கடிதம் வாங்கப் போனவளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக் கையைப் பிடித்தார். தள்ளிவிட்டு, வாசலில் கழற்றிவைத்த செருப்பையும் போடாமல் உன் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

நீ அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு நேரே அங்கே போயிருக்கிறாய். கிளினிக்கால் திரும்பி வந்த தலைவரின் மனைவி அந்தச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றாவாம். அதை உன்னிடம் நீட்டினாவாம். அன்றைக்கே எல்லாவற்றையும் எனக்குச் சொன்னாய். எனக்கு எல்லாம் தெரியும் என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் பையிலிருந்து அதை எடுத்துத் தலைவரின் மேசையில் வைத்தாய்.

"அண்ணன், இது உங்கட வாசல்ல கிடந்த செருப்பு. ஒருத்தி இத விட்டுட்டு வெறுங்காலோட ஏன் ஓடினவ எண்டு நீங்களே சொல்லுங்க."

தலைவருக்கு வாய் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை. யாரோ ஒருவன் எழும்பி, பிள்ளையார் படம் இருக்கிற மேசையில் செருப்பை வைக்கலாமா என்று கேட்டான். அவ்வளவுதான், கூட்டத்துக்கு உயிர் வந்தது. ஒரு மணித்தியாலம் அதைப் பற்றியே பேசினார்கள். மேசையைக் கழுவ வேண்டுமா, படத்துக்குப் பரிகாரம் செய்ய வேண்டுமா, புவனம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா. படித்தவர்கள், பென்சன்காரர்கள், தேவாரம் பாடுகிறவர்கள் எல்லோரும் பேசினார்கள். செருப்பு எங்கே கிடந்தது என்பதை ஒரு ஆளும் கேட்கவில்லை.

பிறகு யாருடையது என்று கேட்டார்கள். அதைத் தெரிந்துகொள்வதில் மட்டும் எல்லோருக்கும் ஆவல். நீ பேர் சொல்ல மறுத்தாய். பேர் சொல்லாதபடியால் அது உன் செருப்புத்தான் என்று முடிவாயிற்று. பொழுதுபடுவதற்குள் ஊர் முழுக்க அது உன் செருப்பு. ஒரு பேரைச் சொல்லியிருந்தால் தப்பியிருப்பாய். உன் பேர் போனாலும் போகட்டும் என்று இருந்துவிட்டாய். எப்படி முடிந்தது உனக்கு?

கத்தாரில் இருந்த அத்தானுக்கும் கதையை அனுப்பினார்கள். அவர் உன்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். கடலுக்கு அப்பால் இருந்தவர் நம்பினார். அடுத்த ஒழுங்கையில் இருந்த நான் என்ன செய்தேன்?

குடியில் மூன்று பெரிய மனிதர்கள் என் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தார்கள். குடிமானம் என்றார்கள். என் பிள்ளைகளுக்கு நாளைக்குச் சம்பந்தம் பேச வேண்டாமா என்றார்கள். அடுத்த கூட்டத்தில் நான் எழும்பி, அக்கா கோபத்தில் செய்துவிட்டா, அவவுக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். தலைவர் என் தோளில் தட்டினார். அந்தத் தட்டு எனக்குப் பெருமையாக இருந்தது அக்கா. அதை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே அருவருப்பாக வருகிறது.

நீ சத்தம் போடவில்லை.

"நீ எனக்காகக் கேக்கல்ல தம்பி. உனக்காகக் கேட்டிருக்காய்" என்றாய்.

அதற்குப் பிறகும் மீன் ஆணம் கொடுத்தனுப்பினாய். என் பிள்ளைகளின் தலையைத் தடவினாய். அது திட்டுவதை விட மோசம். உன் செத்தவீட்டுக்கு ஊர் முழுக்க வெள்ளை உடுத்து வந்தது. நல்ல மனிசி, வாய்தான் கொஞ்சம் கூட என்றார்கள். உன் வாயைத் தவிர இந்த ஊரில் வேறு வாய் இருந்ததா?

இனி இந்த வருடத் திருவிழாக் கதை. தீர்த்தம் முடிந்து கோயிலில் ஒவ்வொரு குடியாகப் பேர் கூப்பிட்டுக் காளாஞ்சி மரியாதைத் தட்டைக் கொடுக்கும்போது நம் குடிக்காக எழும்பி வாங்குகிறவர் தலைவர். இப்போது அவருக்குக் கை வராது. தாய்வழியாக வருகிற குடிக்கு ஆண்கள் போய்க் கை நீட்டுகிறார்கள் என்று நீ சிரிப்பாயே, அந்தக் கைக்கு இந்தமுறை என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அமைதியான ஆளாம். அன்றைக்குப் பெருந்தன்மையாக நடந்துகொண்டவனாம். என் கோழைத்தனத்துக்கு வெற்றிலை, பாக்கு, தேங்காய், பூ எல்லாம் வைத்துத் தட்டில் தருகிறார்கள்.

வேட்டி கட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் இருந்தேன். நம் குடியின் பேரைக் கூப்பிட்டார்கள். நான் எழும்பவில்லை. மூன்று முறை கூப்பிட்டார்கள். தட்டு திரும்பி உள்ளே போயிற்று.

கோயில் வாசலில், செருப்புகள் குவிந்து கிடக்கிற இடத்தில், என்னைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். ஏன் எழும்பவில்லை என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். இத்தனை செவ்வாய்க்கிழமைகளில் தலைவரிடம் கேட்காத 'ஏன்' எல்லாவற்றையும் எனக்காகச் சேர்த்துவைத்திருந்தார்கள் போல.

"அண்டைக்கு அக்காக்காக ஒரு மன்னிப்புக் கேட்டன். அத இண்டைக்குத் திருப்பி எடுக்கிறன். அக்கா செய்தது சரி. அந்தச் செருப்பு அவட இல்ல."

உடனே ஒருவன் இளித்துக்கொண்டு, அப்படியென்றால் யாருடையது என்றான். இத்தனை காலத்துக்குப் பிறகும் அவர்களுக்கு வேண்டியது அது ஒன்றுதான். நீ நின்ற மாதிரி நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

கூட்டத்துக்குள் குனிந்து செருப்புத் தேடிக்கொண்டிருந்த ரஞ்சினி நிமிர்ந்தாள். பக்கத்தில் மகள்.

"அது என்ட செருப்பு" என்றாள். "புவனம் அக்கா என்ட பேர மறைச்சுத் தன்ட பேரக் குடுத்தவ. என்ட மகளுக்கு முன்னால சொல்றன். அது என்ட."

மகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். உன்னைப் பற்றி அத்தனை பேசிய பெரிய மனிதர்கள் எல்லோரும் குனிந்து தங்கள் தங்கள் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள். வெகுநேரம் தேடினார்கள்.

அடுத்த வருடமும் கூப்பிடுவார்கள் அக்கா. அந்த மேசைக்கு முன்னால் நின்று உன் பேரைச் சொல்லி அவர்கள் மன்னிப்புக் கேட்கும்வரை நம் குடியின் தட்டு திரும்பித்தான் போகும். என் காலம் முடிந்தால் என் மருமகள், உன் மகள், அதைப் பார்த்துக்கொள்வாள். உன் மேல் ஆணை.

உன்னை ஒருமுறை விற்று, இப்போதுதான் உன் பக்கத்தில் வந்து நிற்கும்,
உன் கூடப்பிறந்த தம்பி,
குணம்