டேங்க் பக்கத்தில் வைத்த பம்பு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம் என்று சொல்லும்படிதான் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போதெல்லாம் அம்மா என் தோளை ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள், சில விஷயங்களை அவளை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. உடம்பிலும் தெம்பில்லை, எழுதினால் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

கிளீனர் வேலையை விட்டு நின்ற பிறகு மூன்று வருஷமாக அம்மாதான் என்னோடு லாரியில் வருகிறாள். சும்மா பேச்சுத்துணைக்கு என்று உன்னிடம் சொல்லியிருந்தேன், அது பொய். ஒரு வருஷமாகவே வண்டி ஏற்றத்தில் திணறி நின்றுவிடும், டீசல் குழாயில் காற்றுப் புகுந்து ஏர் பிடித்துக்கொள்ளும். ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்காததால் என்னால் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியாது. அம்மாதான் இறங்கி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, எஞ்சின் பக்கத்திலிருக்கும் சின்னக் கைப்பம்பை அடித்து அடித்து ஏரை வெளியேற்றுவாள். அவள் கட்டைவிரல் இப்போது முழுசாக மடங்குவதில்லை. பிரேக்கையாவது அன்றே பார்த்திருக்க வேண்டும், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன்.

போன மாதம் மழையில், சிமென்ட் லோடோடு மலைப்பாதை வளைவில் நின்றுவிட்டது. அம்மா பம்பு அடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு பஸ் ஏறி வருகிற சத்தம். நாங்கள் நிற்பது அந்த டிரைவருக்குத் தெரிய வழியில்லை. அவ்வளவு லோடைக் கட்டையை மட்டும் நம்பி விட முடியாது, பிரேக்கை மிதித்தபடி நான் கட்டிப்போட்டவன் மாதிரி உட்கார்ந்து ஹாரனை அழுத்தினேன். அம்மா டீசல் துடைக்கிற துணியை வீசிக்கொண்டு, அந்த முட்டிவலிக் காலோடு கீழே ஓடினாள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒரு முழம் தள்ளி பஸ் நின்றது. டிரைவர் வந்து வாயில் வந்தபடி திட்டினார். அம்மா திரும்பி வந்து மிச்சத்தையும் அடித்து முடித்து, ஏறி உட்கார்ந்து சொன்னது இவ்வளவுதான்: “அவர் பிரேக் நல்லா இருந்துச்சு, அதனால நான் இருக்கேன். உங்க வண்டியால இல்ல.”

மறுநாள் காலையில் முதல் வேலையாக டீசல் பம்பு மெக்கானிக்கிடம் போனேன், சின்ன வயதில் நீ முணுமுணுப்பு மாமா என்பாயே, அவர்தான். “குழாயை மாத்தி மாத்தி உன்னையே ஏமாத்திக்கிட்டு இருக்கே,” என்றார் என்னிடம். பம்பு முன்னால் எஞ்சினில், டேங்க் பின்னால், அவ்வளவு தூரம் உறிஞ்சுகிற குழாயில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் ஏர் உள்ளே போய்விடுமாம், வெளியே ஒரு சொட்டுக் கசியாதாம். டேங்கை ஒட்டியே கரண்டில் ஓடுகிற பம்பு வைத்து டீசலை முன்னால் தள்ளினால், டீசல் வெளியே கசிந்து ஓட்டை தானே காட்டிக்கொடுக்கும் என்றார். இரண்டு நாள் வேலை. தண்ணீரைப் பிரிக்கிற பெரிய ஃபில்டர் ஒன்று, டீசல் அழுத்தம் குறைந்தால் ஸ்டியரிங் முன்னால் எரிகிற சிவப்பு விளக்கு ஒன்று, ஹேண்ட் பிரேக்கும் புதுசு. பம்பை ஓடவிட்டதும் ஒரு ஜாயிண்டில் அரிசி அளவு டீசல் துளிர்த்தது. “இவ்வளவுதான்யா,” என்று அதை இறுக்கினார். ஒரு வருஷம் எங்களை ஆட்டிப்படைத்தது அதுதான். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை, அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

வண்டியை விற்றுவிடச் சொல்கிறாய். உன் பேச்சை மறுக்கிற தெம்பும் இப்போது எனக்கில்லை, மழைக்காலம் முடியட்டும், யோசிக்கிறேன். அதே ஏற்றத்தில் இதுவரை எட்டுத் தடவை ஏறிவிட்டோம், ஒருதரம்கூட நிற்கவில்லை. முதல் சில தடவை அம்மா இறங்குவதற்குத் தயாராகக் கதவுப் பிடியிலேயே கை வைத்திருந்தாள். நேற்று அந்த வளைவில் திரும்பிப் பார்த்தால், வாயைத் திறந்தபடி தூங்குகிறாள். இந்த வண்டியில் அவள் கண்ணயர்ந்து நான் பார்த்ததே இல்லை. லோடு இறக்குகிற இடம் வந்தும் எஞ்சினை அணைக்கவில்லை, சத்தம் நின்றால் பதறி எழுந்துவிடுவாள். மூட்டை தூக்குகிறவர்களிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அவர்களும் மெதுவாகவே இறக்கினார்கள்.

பஸ் விஷயத்தை அம்மாவிடம் கேட்டுவிடாதே. விரலை டாக்டரிடம் காட்டச் சொல்லு, நீ சொன்னால் கேட்பாள். பேத்திக்கு என் முத்தம். உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா