சாவி என் கையில், ஊசி அவன் கையில்

3-3-1962, சனி

வரும் புதன் முதல் தாசனுக்குத் தவக்காலம். ஈஸ்டர் வரை பாட்டு கிடையாது. அதனால் நாற்பது நாளுக்கும் சேர்த்து இன்றைக்கே கேட்டுவிடுவது என்று உட்கார்ந்தோம். பதினொரு பாட்டுத் தட்டு. சாவி கொடுத்துக் கொடுத்து என் தோள்பட்டை விண்ணென்று தெறிக்கிறது.

கிராமபோன் என்னுடையது. சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் வாங்கியது. ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் இருந்ததாம், விற்றவன் சொன்னான். இசைத்தட்டுகள் தாசனுடையவை; முழுப் பெயர் இயேசுதாசன். பஃபலோ ரோட்டு மாடியில் இந்த அறைக்கு நாங்கள் இருவரும் வந்து பத்து வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து இதுதான் சட்டம்: சாவி நான் கொடுப்பேன், ஊசி அவன் வைப்பான். நான் ஊசிப் பக்கம் கையைக் கொண்டுபோனால், குழந்தையைக் கீழே போட்டவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பான். அவன் சாவியைத் தொட நான் மட்டும் விடுவேனா? ஸ்பிரிங் போய்விடும்.

கடைசியாக வழக்கம்போல் கல்யாணி ராகம். அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை கிடைத்த மாதம் அவன் முதன்முதலாக வாங்கிய நாதஸ்வரத் தட்டு. தவில் நின்று நாதஸ்வரம் மட்டும் தனியே மேலே ஏறும் இடம் ஒன்று உண்டு. அங்கே இருவரும் பேச மாட்டோம். கீழே சர்பத் கடை அப்துல் கஃபார் பாய்கூட அந்த நேரம் டீ ஆற்றுவதை நிறுத்திவிடுவார் என்பான் தாசன். பொய்தான். கேட்க நன்றாக இருக்கும்.

7-3-1962, புதன்

தாசன் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு கோயிலிலிருந்து வந்தான். நான் காலையில் இட்ட விபூதியோடு இருந்தேன். "வருஷத்துல இன்னைக்கு ஒரு நாளுதான்ணே நம்ம ரெண்டு பேரும் ஒரே கட்சி" என்றான்.

மெஷின்மேல் வெள்ளைத் துணி போட்டு மூடினேன். எனக்கு என்ன தவக்காலம்? அவனுக்காகத்தான். இந்த நாற்பது நாளும் கடையில் ரேடியோ பாடினால்கூட வேகமாக நடந்துவிடுவேன். பத்து வருஷப் பழக்கம்.

17-3-1962, சனி

தாசன் இல்லை. ஓவர்டைமாம். போன சனியும் ஓவர்டைம். நகக்கண்ணெல்லாம் வெள்ளைப் பெயின்ட். அச்சகத்துச் சுவருக்கு அடிக்கிறார்களாம். எழுத்துக் கோப்பவனைச் சுவருக்கு அடிக்கச் சொல்லும் முதலாளியை நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் நாலு கேள்வி கேட்க வேண்டும்.

26-3-1962, திங்கள்

முட்டாள். முட்டாள். முட்டாள்.

துறைமுகக் கோடவுனில் வேலை முடிந்து வந்து டீ சொன்னேன். கஃபார் பாய் சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்ன ஸ்டோர்காரரே, கல்யாண வேலையெல்லாம் உங்க தலைமேலதானா?"

"யாரு கல்யாணம்?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. நான் சுவரைப் பார்த்தேன். காலண்டருக்குப் பின்னால் பத்திரிகை. மே மாதம் ஐந்தாம் தேதி, சனிக்கிழமை. இயேசுதாசனுக்கும் லாசரஸ் மகள் பிரிஜட்டுக்கும் திருமணம். விருந்து, குவீன்ஸ்டவுன் புதுவீட்டில். மாடி, கதவு எண் எல்லாம் போட்டிருக்கிறது. ஓர் எழுத்துப் பிசகில்லை. வரிக்கு வரி இடைவெளி விட்டிருக்கும் அழகிலேயே தெரிந்துவிட்டது, அவனே கோத்தது. தன் கல்யாணத்துக்குத் தானே எழுத்துப் பொறுக்கி அடுக்கியவனுக்கு, பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவனிடம் ஒரு வாய் வார்த்தை வரவில்லை.

வெள்ளைப் பெயின்ட்! நான் வேறு அந்த முதலாளியைத் திட்டினேனே.

27-3-1962, செவ்வாய்

கேட்டுவிட்டேன். தெருவே கேட்டிருக்கும்.

"உங்களுக்குக் கடைசியா, தாம்பூலத் தட்டோட கையில கொடுக்கணும்னு வச்சிருந்தேண்ணே."

"எத்தனை மாசமாடா இது?"

"கவர்மென்ட் வீட்டுக்கு மனு எழுதிப்போட்டு ஒன்றரை வருஷம். ஜொகூர்லேருந்து அம்மா, தங்கச்சிங்க எல்லாம் வர்றாங்க. சேர்ந்து இருக்கணும்ல?"

ஒன்றரை வருஷம். போன வருஷம்தான் கம்பெனியில் எனக்கு பாசிர் பாஞ்சாங்கில் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். தனி அறை, கடல் தெரியும் ஜன்னல். "நீங்க போயிட்டா சனிக்கிழமை என்னண்ணே பண்றது?" என்று இவன் முகத்தைத் தொங்கப் போட்டான். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அப்போதே இவனுடைய மனு ஆபீசில் கிடந்திருக்கிறது!

அதைச் சொன்னேன். அவன் தலை குனிந்துகொண்டான். "கிடைக்கும்னு நினைக்கலண்ணே. கிடைச்சப்புறம் சொல்ல வாய் வரல. உங்க கோபம் எனக்குத் தெரியும்லா."

என் கோபம் தெரியுமாம். இன்னும் முழுசா தெரியாது உனக்கு.

1-4-1962, ஞாயிறு

பெண் வீட்டில் ரேடியோகிராம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்களாம். ரேடியோவும் கிராமபோனும் சேர்ந்த பெட்டி. கரண்டில் ஓடும். சாவி வேண்டாம். ஊசி பிடித்த கை தானாகப் போய்த் தட்டின்மேல் உட்காருமாம். கஃபார் பாயிடம் அவன் சொன்னது என் காதுக்கு வந்தது. விருந்தில் முதல் தட்டு கல்யாணிதானாம்.

சாவி வேண்டாம் என்றால் சாவி கொடுப்பவன் எதற்கு?

அறையில் பேச்சு நின்றுபோயிற்று. மேசைமேல் எனக்கு ஒரு பத்திரிகை, வெற்றிலை பாக்கு. பிரிக்கவில்லை. வெற்றிலை காய்ந்து சுருண்டுவிட்டது.

14-4-1962, சனி

சித்திரை முதல் நாள். விடுமுறை. பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். தாசன் இல்லை. தட்டுப் பெட்டி திறந்திருந்தது.

பத்து வருஷத்தில் முதல் தடவையாக ஊசியை எடுத்தேன். கல்யாணிமேல் ஒரு கோடு. ஒரே ஒரு கோடு.

புத்தாண்டும் அதுவுமாய்.

21-4-1962, சனி

பெட்டிகளை லாரியில் ஏற்றினான். அறுபத்திரண்டு தட்டு. ஒவ்வொன்றுக்கும் பழைய பத்திரிகைத் தாளில் உறை. கல்யாணியை மட்டும் பெட்டியில் வைக்காமல் தன் சட்டைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டான். "இது லாரியில குலுங்கிடும்ணே" என்றான். மூன்று வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் கட்டில் இருந்த இடம் தரையில் வெளுப்பாகத் தெரிகிறது.

22-4-1962, ஞாயிறு

ஈஸ்டர். துணியை எடுக்கவில்லை. எடுத்து எதைப் போடுவது?

6-5-1962, ஞாயிறு

நேற்று விருந்துக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போனேன். சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டு வேறு போனேன். எதைப் பார்க்கப் போனேன் என்று எனக்குத் தெரியும். அவன் முகம் விழுவதைப் பார்க்க.

வராந்தாவில் பந்தி. கூடத்தில் ரேடியோகிராம், பளபளவென்று, ஆளுயரப் படுக்கைபோல் நீளமாக. தாசன் மாலையோடு வந்து கல்யாணியை வைத்தான். நாதஸ்வரம் தனியே ஏறும் இடத்துக்கு வந்தது. ஊசிக் கை எகிறிப் பின்னால் விழுந்தது. மறுபடி ஏறியது, மறுபடி விழுந்தது. ஏழெட்டுத் தடவை. பிள்ளைகள் சிரித்தார்கள்.

"என்ன மாப்பிள்ளை, புது மெஷின் அதுக்குள்ள மக்கர் பண்ணுது?" என்றார் மாமனார் லாசரஸ்.

தாசன் தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

"மெஷின் இல்ல மாமா. பழைய ரிக்கார்டு. எங்க ரூம்லயே இப்படித்தான் பாடும்."

பொய். எங்கள் அறையில் அது ஒரு நாளும் இடறியதில்லை.

சாப்பிடாமல் வந்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. சாப்பிட்டேன். பிரிஜட் தானே கேக் கொண்டுவந்து கொடுத்தாள். "மருதப்பன் அண்ணன்தானே நீங்க? எதுக்கெடுத்தாலும் எங்க அண்ணே, எங்க அண்ணேன்னு உங்க பேச்சுதான்" என்றாள்.

13-5-1962, ஞாயிறு

அவன் செய்தது துரோகம்தான். இன்னும் அப்படித்தான் சொல்வேன். குவார்ட்டர்ஸ் போனது போனதுதான். ஆனால் அவன் மறைத்தது என் கோபத்துக்குப் பயந்து. நான் கீறியது எதற்குப் பயந்து?

9-6-1962, சனி

சாயங்காலம் கோடவுன் புழுதியைக் கழுவிக்கொண்டிருந்தேன். படியில் காலடி. ஏழாவது படியைத் தாண்டி மிதிப்பவன் அவன் ஒருவன்தான், அது ஆடும். கையில் துணி சுற்றிய தட்டு.

"என்னடா?"

"புது மெஷின்ல கை ரொம்ப லேசுண்ணே. அந்த இடத்தைத் தாண்ட மாட்டேங்குது. உங்களது கனமான கை. தாண்டிடும்னு தோணுச்சு."

அவன் கட்டில் இருந்த இடத்தில் தரையிலேயே உட்கார்ந்தான். நான் துணியை எடுத்தேன். தூசி பறந்து இருவரும் தும்மினோம். சாவி கொடுத்தேன். அவன் ஊசி வைத்தான்.

தவில் நின்றது. நாதஸ்வரம் ஏறியது. கோடு வந்தது. டக். தாண்டிவிட்டது! ஒரு சுற்று, டக். இன்னொரு சுற்று, டக். அந்தச் சத்தம் என் பல்லில் இடித்தது. என்னால் உட்கார முடியவில்லை.

"தாசா. அதைக் கீறினது நான்தான்."

அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நாதஸ்வரம் மெல்லத் தாழ்ந்து, தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல் இழுத்தது.

"தெரியும்ணே. சாவி கொடுங்க, பாட்டு இழுக்குது."

கொடுத்தேன்.