கட்டிக்கு யார் பந்தல் போட்டது?

1963 பிப்ரவரி 4, திங்கள்

நல்ல பனி. சிறுமலை இருந்த இடமே தெரியவில்லை. மின்சாரமும் இல்லை. மைக்ராஸ்கோப்புக்கு ஜன்னல் வெயில் வரும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன்.

செய்ய வேண்டியவை: சதைத் துண்டைப் பதித்துச் சீவுகிற மெழுகு தீர்ந்துவிட்டது, மதுரைக்குச் சொல்ல. அம்மாவின் மூக்குக்கண்ணாடி. ஆல்கஹால் பாட்டிலுக்குப் புது மூடி.

மாரியம்மாளின் சதைத் துண்டு பார்த்தேன். சாணார்பட்டிப் பக்கம், கனகாம்பரம் போடுகிற குடும்பம். நாற்பதைத் தாண்டியவள். இடது மார்பில் கல் மாதிரிக் கட்டி. அதன் மேல் தோலில் வட்டமாகச் சூட்டுத் தழும்பு. மஞ்சள் கொம்பைக் கொளுத்திக் கட்டியின் மேலேயே வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் எந்த வீக்கத்துக்கும் முதல் வைத்தியம் அதுதான், நாங்கள் எல்லாம் அப்புறம்.

ஸ்லைடில் வெறும் நார். புற்று செல் ஒன்றுகூட இல்லை.

சர்ஜன் ஞானமுத்து சார் (இனி ஞா. சார். முழுப் பெயர் எழுதும் அளவுக்கு இன்று அவர் மேல் மரியாதை இல்லை) எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "தழும்புதாம்மா லில்லி. சூடு போட்டா உள்ள நார் கட்டாம என்ன செய்யும்? புதன்கிழமை வீட்டுக்கு அனுப்பிரலாம்."

தலையாட்டிவிட்டு வந்தேன். எதுவோ சரியில்லை.


பிப்ரவரி 5, செவ்வாய்

பனி குறைவு. வெயில் சீக்கிரம்.

அதே ஸ்லைடை மறுபடி வைத்தேன். இப்போது பிடிபட்டது. ஆறிய தழும்பில் நார் செல்கள் மெலிந்து, ஒடுங்கி, வேலை முடிந்த ஆட்கள்போல் படுத்துக் கிடக்கும். இவை அப்படி இல்லை. கொழுகொழுவென்று, நெருக்கியடித்துக்கொண்டு, புது நாரை இழுத்துக் கட்டிக்கொண்டு. வேலை மும்முரமாக நடக்கிறது. யாருக்காக?

வார்டுக்குப் போய்ச் சூடு எப்போது போட்டது என்று கேட்டேன். புருஷன் கருப்பணன் முந்திக்கொண்டான். "போன மாசந்தான் டாக்டரம்மா."

மாரியம்மாள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். "அந்தாளு பொய் சொல்றாரு. போன சித்திரைத் திருநாளுக்கு முன்னாடியே வச்சாச்சு. இம்புட்டு நாளா என்ன பண்ணுனீகன்னு நீங்க வைவீகன்னு பயம். தீவாளிக்கு அப்புறந்தான் கல்லாப் போச்சு."

கருப்பணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். திட்டுக்குப் பயந்து சொன்ன ஒரு பொய். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதைச் சொல்வார்கள், நாங்கள் திட்டித் திட்டிப் பழக்கியதுதான். இதை நம்பி, நாரும் புதுத் தழும்புதான் என்று விட்டிருந்தால் இந்தப் பொய் அவளைக் கொன்றே போட்டிருக்கும்.

ஆக, சூடு பழையது, நார் புதியது. அந்தத் தழும்பு எப்போதோ அடங்கியிருக்க வேண்டும்.

தெருவில் பந்தல் போடுகிறார்கள், வாழைமரம் கட்டுகிறார்கள், அண்டா இறங்குகிறது என்று வைப்போம். மாப்பிள்ளையை நாம் இன்னும் பார்க்கவில்லை. அதற்காகக் கல்யாணமே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? இந்த நார்தான் பந்தல், நாங்கள் எடுத்தது பந்தல்காலில் ஒரு சில்லு. மாப்பிள்ளை உள்ளே இருக்கிறான்.

இதை அப்படியே ஞா. சாரிடம் சொன்னேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "இன்னொரு துண்டு, ஆழத்துல இருந்து வேணும் சார். குடுக்காம அனுப்புனா, என்னோட ரிப்போர்ட்ல 'வீட்டுக்கு அனுப்பியதில் எனக்குச் சம்மதமில்லை'ன்னு எழுதிருவேன்."

முகம் சிவந்துவிட்டது. கை கழுவ ஆரம்பித்தார். அவர் கை கழுவினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். லேப்புக்குத் திரும்பினேன். லேப் உதவி ஸ்டெல்லா காபி கொடுத்தாள். சர்க்கரை மறந்துவிட்டாள். குடித்தேன்.


பிப்ரவரி 7, வியாழன்

ஞா. சார் எடுத்துக் கொடுத்துவிட்டார்! பாட்டிலை மேசையில் டொக்கென்று வைத்துவிட்டுப் போனார். ஆழமான துண்டு, நல்ல துண்டு. கோபத்தில்கூட வேலை சுத்தம்.

கெடாமல் இருக்க ஃபார்மலினில் ஊறுகிறது. மெழுகு இன்னும் வரவில்லை. பழைய மெழுகை உருக்கி வடிகட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா: "ஏன்டி பேயறைஞ்ச மாதிரி இருக்க?" ஒன்றுமில்லை என்றேன். என் கணக்குத் தப்பாக இருந்தால் இந்த ஆஸ்பத்திரியில் இனி யார் என் பேச்சைக் கேட்பார்கள்? சரியாக இருந்தால் மாரியம்மாளுக்குப் புற்று. எதற்காக ஜெபம் செய்வது என்று தெரியாமல் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.


பிப்ரவரி 11, திங்கள்

இருக்கிறான்!

நார்க்கூட்டத்தின் நடுவே புற்று செல்கள். ஒன்றன் பின் ஒன்றாக, வரப்பில் நடக்கிறவர்கள்போல். சந்தேகமே இல்லை. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றியதில் சாயக்கிண்ணம் கவிழ்ந்து இரண்டு பேர் சேலையும் நாசம்.

அப்புறம் திடீரென்று உட்கார்ந்துவிட்டேன். நான் துள்ளுவது ஒருத்தியின் மார்பில் இருக்கும் புற்றுக்காக. வெட்கமாக இருந்தது. ஆனால் பொய் எழுதமாட்டேன், சந்தோஷமும் போகவில்லை. கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் மட்டும் அது இல்லாமல் போயிருக்குமா?

ஞா. சார் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து, "மாப்பிள்ள வந்துட்டாரும்மா" என்றார். பிறகு, "அவ வீட்டுக்குப் போயிருந்தா நானே அவளச் சாவுக்கு அனுப்பி வச்சவனா இருந்திருப்பேன்" என்றார். இனி முழுப் பெயர்: டாக்டர் ஞானமுத்து.


பிப்ரவரி 12, செவ்வாய்

மாரியம்மாளிடம் நானே சொன்னேன். மார்பை முழுசாக எடுக்க வேண்டும், அக்குளிலும் கை வைக்க வேண்டும் என்று. கருப்பணன் அழுதான். அவள் அழவில்லை, கேள்வி கேட்டாள்.

"கட்டிய மட்டும் நோண்டி எடுத்தா ஆகாதா?"

ஆகாது என்றேன். சுற்றி இருப்பதும் வர வேண்டும். உன் உடம்பிலேயே காயம் ஆற்றுவதற்கென்று செல்கள் இருக்கின்றன, நல்லவைதான். புற்று அவற்றையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு இடம் கட்டச் சொல்லியிருக்கிறது என்றேன். பந்தல் கதையும் சொன்னேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் சோத்தத் தின்னுப்புட்டு அவனுக்குப் பந்தல் போட்டாளுகளா? எல்லாத்தையும் சேத்து எடுத்துப்போடுங்க!"

பக்கத்துக் கட்டில் கிழவி சிரித்தாள். கருப்பணனும் அழுகைக்கு நடுவில் சிரித்தான்.


பிப்ரவரி 14, வியாழன்

ஆபரேஷன் முடிந்தது. டாக்டர் ஞானமுத்து என்னைப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார். ஓரம் வெட்டும்போது, "இது போதுமா, இன்னும் தள்ளியா?" என்று என்னைக் கேட்டார். என்னை! தியேட்டரில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னும் கொஞ்சம் தள்ளி சார்" என்றேன்.

ரத்தம் அதிகம் போகவில்லை. சாயங்காலம் மாரியம்மாள் தண்ணீர் கேட்டாள்.


பிப்ரவரி 21, வியாழன்

மெழுகு ஒருவழியாக வந்தது. அம்மாவின் கண்ணாடியும் வந்தது, பவர் தப்பு.

புற்று முதலில் பரவுகிற இடமான அக்குள் நெறிகட்டிகள் எல்லாவற்றையும் பார்த்து முடித்தேன். ஒவ்வொரு ஸ்லைடையும் ஓரத்திலிருந்து ஓரம்வரை. சுத்தம். ஒன்றில்கூட இல்லை. வெட்டிய ஓரமும் சுத்தம். இந்த முறை துள்ளியபோது வெட்கமே இல்லை. ஸ்டெல்லா சாயக்கிண்ணத்தை முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டாள்.

வார்டில் சொன்னதும் கருப்பணன் காலில் விழ வந்தான். "விழாத. அடுத்த தடவ நெசத்தச் சொல்லு, நான் வையமாட்டேன்" என்றேன். "சத்தியமா வையமாட்டீகளா?" என்று சந்தேகமாகக் கேட்டான்.


பிப்ரவரி 23, சனி

லேப்பில் வேலை குறைவு. பழைய பெட்டியைத் திறந்து மார்புக் கட்டி ஸ்லைடுகளை மறுபடி பார்த்தேன். அப்போதெல்லாம் புற்றை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்தவை. இப்போது சுற்றியிருப்பதைப் பார்க்கிறேன். நார் வேலி என்று படித்தோம், புற்றை மறிக்க உடம்பு கட்டுவதாம். அப்படியானால் புற்று ஏன் நார் போகிற திக்கிலேயே போகிறது? வேலியா, பாதையா? கூட நிற்கிறவர்கள் சும்மா நிற்கிறார்களா, பிடித்துத் தள்ளியும் விடுகிறார்களா?

என்னால் நிரூபிக்க முடியாது. என்னிடம் இருப்பது ஒரு மைக்ராஸ்கோப்பும் ஒரு ஜன்னலும். ஆனாலும் மதராஸில் எனக்குப் பாடம் எடுத்தவருக்கு எழுதப்போகிறேன். சிரித்தால் சிரிக்கட்டும். கேள்வி நல்ல கேள்வி.

டாக்டர் ஞானமுத்து போகிற போக்கில்: "லில்லி, இனிமே வெறும் நார்னு வந்தா ஒன்னயக் கேக்காம யாரையும் அனுப்பமாட்டேன்." பக்கத்தில் இரண்டு நர்ஸ்கள் இருந்தார்கள். நன்றாகக் காதில் விழுந்திருக்கும்.


மே 11, சனி

வெயில் விடியும்போதே அடிக்கிறது. மாதா கோயில் பூசைக்குப் பூ வாங்கப் பூ மார்க்கெட்டுக்குப் போனேன். ஒரே நெரிசல். முன்னால் ஒரு பெண்பிள்ளை தலையில் பெரிய கூடை, கனகாம்பரம், இடது கையால் தூக்கிப் பிடித்தபடி வியாபாரியோடு சண்டை. "இந்த வெலைக்கு நீயே போய்ப் பறிச்சுக்க!"

மாரியம்மாள். அந்தக் கை. ஆபரேஷனுக்கு அப்புறம் தோளுக்கு மேல் போகாது என்று நாங்கள் பயந்த கை.

ஓடிப்போய் எதிரே நின்றேன். என்னென்னவோ கேட்க வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்தாள், ஒரு சிரிப்புச் சிரித்தாள், கூடையைச் சரி பண்ணிக்கொண்டாள்.

"செத்த நகருங்க டாக்டரம்மா, பூவு வாடுது."

நகர்ந்தேன்.